நிதியாண்டும் ஐப்பசி மழையும்: கடலோர ஊருணி ஒன்றைச் சிஎஸ்ஆர் பணத்தில் மராமத்துச் செய்த வழி

சாயல்குடி, ஏர்வாடி, தேவிபட்டினம் என்று ராமநாதபுரம் கடற்கரையில் எந்தப் பக்கம் போனாலும், தள்ளுவண்டியில் ஆறேழு குடம் அடுக்கித் தள்ளிக்கொண்டு போகும் பெண்களைப் பார்க்கலாம். காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள். கடைக்கோடி ஊருக்கு வந்து சேரும் தண்ணீர் போதவில்லை. போர் போட்டால் உப்பு. மிச்சமிருப்பது மழைநீர் தேங்கும் ஊருணிதான். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சிஎஸ்ஆர் பணத்தை வைத்து, ஊராட்சி, கம்பெனி, தொண்டு நிறுவனம் மூவரும் சேர்ந்தால் அதை மீட்க முடியும். அந்த வேலையில் எங்கே சிக்கும், எப்படி அவிழ்க்கலாம் என்பதை அடுத்து முயல்பவர்களுக்காக எழுதுகிறோம்.

முதல் சிக்கல் பணத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. கம்பெனிக்கு வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். நமக்கு மழை ஐப்பசியில் தொடங்கும். ஊருணி வற்றி, ஹிட்டாச்சி இறங்கும் அளவுக்குத் தரை காய்ந்திருப்பது சித்திரையிலிருந்து ஆவணி வரைதான். மாசியில் ஒப்புதல் கொடுத்து "மார்ச் 31-க்குள் செலவழித்துக் கணக்குக் கொடுங்கள்" என்று கேட்டால், பாதித் தண்ணீரில் சேற்றை அள்ளி, கரையை மிதிக்காமல் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். அடுத்த மழையில் அந்தக் கரை கரைந்து ஊருணிக்குள்ளேயே இறங்கிவிடும்.

இதற்குக் கம்பெனிகள் சட்டத்திலேயே வழி உண்டு. இயக்குநர் குழு இதைத் 'தொடர் திட்டம்' என்று தீர்மானித்துவிட்டால், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். அப்படித் தீர்மானிக்காவிட்டால், மீதித் தொகை ஆறு மாதத்துக்குள் அட்டவணை 7-இல் சொல்லப்பட்ட அரசு நிதி ஒன்றுக்குப் போய்விடும். முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தக் கம்பெனியை அணுகுவது? 2009-இல் மத்திய அரசு வெளியிட்டது தன்னார்வ வழிகாட்டுதல் மட்டும்தான். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு வந்த பிறகு, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட்டாக வேண்டும். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை என்றும் சட்டம் சொல்கிறது. நம் கடற்கரையில் அவ்வளவு பெரிய ஆலைகள் குறைவு என்பதால், இங்கே நாம் பின்தங்கிப் போகிறோம். ராமநாதபுரம் 2018-இல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டது; தமிழ்நாட்டில் அதுவும் விருதுநகரும் மட்டும்தான். வெளியூர்க் கம்பெனியிடம் பேசும்போது அதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள்.

உள்ளூர் நண்டுக் கம்பெனி, ஐஸ் ஆலை எல்லாம் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வராது. அவர்கள் கொடுப்பது முழுக்கவே மனமுவந்து கொடுப்பது. இரண்டு நாள் ஜேசிபி, நூறு மூட்டை சிமெண்ட் என்று பொருளாகவே கேளுங்கள், சீக்கிரம் வரும். ஆனால் ரசீது போட்டுக் கிராம சபையில் வாசித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிற்பாடு சந்தேகம் முளைக்கும்.

தொண்டு நிறுவனத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகள், மூன்று ஆண்டுச் செயல்பாடு, கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவு எண் நான்கும் வேண்டும். சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பட்டயக் கணக்காளர் போன்ற தொழில்முறையாளர் ஒருவரின் டிஜிட்டல் கையொப்பமும் கட்டாயம். ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். நிர்வாகச் செலவு 5 சதவீதம் என்ற உச்சவரம்பு கம்பெனியின் சொந்த நிர்வாகத்துக்கு உரியது. களப்பணியாளர் சம்பளமும் பொறியாளர் கட்டணமும் திட்டச் செலவுதான். இது தெரியாமல் மேற்பார்வைக்குப் பணமே ஒதுக்காத திட்டங்கள் நிறைய. மண் அளவை யாரும் சரிபார்க்காமல் பில் மட்டும் வந்து நிற்கும்.

அடுத்தது நிலம். விஏஓ அலுவலகத்தில் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். ஊருணி என்று பதிவாகியிருந்தால் ஊராட்சிப் பொறுப்பு. கோயில் பெயரில் இருந்தால் அறநிலையத் துறைக்குப் போகவேண்டும், அது ஒரு வருட வேலை. ஊருணிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலின் சர்வே எண்களையும் கூடவே எடுங்கள். ஊருணி சுத்தமாக இருந்தும் தண்ணீர் வராத ஊர்களில் வரத்துக்கால் மேல்தான் ஆக்கிரமிப்பு இருக்கும். அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிராம சபைத் தீர்மானத்துக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் இருக்கிறது. ஜனவரியில் தீர்மானம் வாங்கினால்தான் அந்தக் கோடையில் மண் வெட்டலாம். சர்வே எண், வேலையின் அளவு, பிற்பாடு பராமரிப்பது யார் ஆகிய மூன்றும் தீர்மானத்தில் இருக்கவேண்டும். அதன் நகலோடு பிடிஓ அலுவலகம், பிறகு மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை. மதிப்பீட்டை ஒன்றியப் பொறியாளர் பார்த்துக் கையொப்பமிட்டால் கம்பெனியின் கேள்விகள் பாதியாகும். மதிப்பீட்டில் ஜிஎஸ்டியைச் சேர்க்க மறக்காதீர்கள். அங்கே விட்டதைக் கடைசியில் கரைக்குக் கல் பதிக்கும் செலவில்தான் வெட்டுவார்கள்.

அளவு எவ்வளவு? ஆயிரம் பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர், மழை இல்லாத 240 நாள்: 24 லட்சம் லிட்டர். மேலே 50-க்கு 50 மீட்டர், ஆழம் 3 மீட்டர், ஒன்றுக்கு இரண்டு சரிவு என்று வெட்டினால் அடித்தளம் 38-க்கு 38 வரும்; கொள்ளளவு ஏறத்தாழ 58 லட்சம் லிட்டர். நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் வெயில் குடிப்பது இன்னொரு 24 லட்சம். கசிவுக்கு மிஞ்சுவது 10 லட்சம்தான். இந்தக் கணக்கைக் கம்பெனி அதிகாரி முன்னால் காகிதத்தில் போட்டுக் காட்டினால், "பாதி மட்டும் செய்யலாமே" என்ற பேச்சு வராது.

ஆழப்படுத்தினால் போதும் என்று நினைப்பதுதான் இந்தக் கடற்கரையில் பெரிய தவறு. மழைத் தண்ணீரைத் தாங்கி நிற்பது அடியிலுள்ள களிமண். அதற்குக் கீழே மணல், மணலில் உப்புத் தண்ணீர். களியை உடைத்துவிட்டால் நல்ல தண்ணீர் கீழே இறங்கும், அல்லது உவர் மேலே ஏறும். இரண்டில் எது நடந்தாலும் ஊருணி போனது போனதுதான். இயந்திரம் இறங்குமுன் மூன்று இடத்தில் சோதனைக் குழி வெட்டிக் களியின் கனத்தை அளந்து எழுதுங்கள். குழியில் தண்ணீர் ஊறினால் ஓர் இரவு விட்டு, கரைந்திருக்கும் உப்பின் அளவான டிடிஎஸ் பாருங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. களியில் குறைந்தது ஒன்றரை அடியை மீதம் விட்டு வெட்டும் மட்டத்தைக் குறித்து, கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். ஹிட்டாச்சி ஓட்டுநருக்கு மணி வாடகை. வேகமாக வெட்டத்தான் பார்ப்பார். பக்கத்தில் ஊர்க்காரர் ஒருவர் நாள் முழுக்க நிற்கவேண்டும்.

வெட்டிய மண்ணைக் கரையிலேயே போடுங்கள். லாரியில் வெளியே போனால் கனிமவளத் துறை கேள்வி கேட்கும். கரையில் வெட்டும் சீமைக்கருவேலத்தின் விறகுப் பணம் ஊராட்சிக் கணக்கில் சேரவேண்டும்.

முத்தரப்பு ஒப்பந்தத்தில் தவணைகளை வேலை நிலையோடு கட்டுங்கள், தேதியோடு கட்டாதீர்கள். பராமரிப்புக்குக் கம்பெனிப் பணத்தை நம்பவேண்டாம். அதிகாரி மாறினால் போய்விடும். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் தலைக்கட்டு வரி நம் ஊர்ப் பழக்கம்தான். 200 தலைக்கட்டு, மாதம் 20 ரூபாய் என்றால் 4,000 ரூபாய். ஆடு மாடு இறங்காமல் பார்க்கும் காவலுக்கும், கரையோரக் கிணற்றின் வடிகட்டியில் மணலும் கரியும் மாற்றுவதற்கும் அது போதும்.

வடிகட்டியைப் புரட்டாசியிலேயே கழுவிவிடுங்கள். ஐப்பசியின் முதல் இரண்டு மழைக்கு வரத்துக்கால் பலகையை இறக்கியே வைத்து, தரையில் பூத்த உப்பும் ஆட்டுப் புழுக்கையும் மறுகால் வழியே வெளியேறிய பிறகு, மூன்றாவது மழைக்குப் பலகையைத் தூக்குங்கள்.