அப்பா கறுப்பில் ஆடும்போது

நவம்பர் 19, 2024

வெள்ளைக் காய்களில் ஜெயித்தார். கறுப்பில் தோற்றார். நேற்றும் இதேதான்.

நவம்பர் 20

தம்பி போனில், "அவரை ஏன் அக்கா இன்னும் ஆடவிடுகிறாய்? ரத்த அழுத்தம் ஏறும்" என்கிறான். துபாயிலிருந்து சொல்வது சுலபம். ஆடவிடாவிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதுவும் வலப்பக்கச் சுவரை.

அப்பாவின் ஆட்டம் அஞ்சலட்டையில் உருவானது. எண்பதுகளில் தபால் வழியாகச் செஸ் ஆடியவர். ஓர் அட்டை போய்ப் பதில் அட்டை வருவதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும். அதுவரை பலகை அலமாரியின் மேல் அப்படியே இருக்கும். நாங்கள் யாரும் தொடக்கூடாது. அப்படிப் பழகியவர் 2020 ஊரடங்கில் லீசெஸ் என்ற செஸ் இணையதளத்தில் கணக்குத் தொடங்கிப் பத்து நிமிட ஆட்டத்துக்கு வந்தார். கடிகாரம்தான் அவருக்கு முதல் எதிரி. நல்ல நிலையில் இருப்பார், நேரம் தீர்ந்து தோற்பார். இன்னொரு குறையும் உண்டு. எதிராளியின் ராஜா திறந்து கிடந்தாலும் தாக்கப் போகமாட்டார். ராணிகளை மாற்றிக்கொண்டு இறுதியாட்டத்துக்கு இறங்கிவிடுவார். இறங்கிய பிறகு அவரை அசைப்பது கடினம். யானை இறுதியாட்டத்தில் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும் பிடித்து நிறுத்திவிடுவார். அவரைவிட ரேட்டிங் மிக அதிகமானவர்கள் சலித்துப்போய் டிரா கேட்டிருக்கிறார்கள். எதிராளி முதல் நகர்த்தலாகச் சிப்பாயை ஈ4க்குக் கொண்டுவந்தால், காரோ-கான் என்ற தற்காப்புத் தொடக்கம் தவிர வேறு பதில் சொன்னதில்லை. கறுப்புதான் அவருடைய பலம்.

அந்தக் கறுப்பில்தான் இப்போது தொடர்ந்து தோற்கிறார்.

நவம்பர் 22

பக்கவாதத்தில் முடங்கிய இடது கையின் கட்டை விரல் மடங்குகிறது. பிசியோதெரபி செய்பவர் மகிழ்ந்தார். அப்பா தன் கையை யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

நவம்பர் 23

நேற்றைய ஆட்டம் என்னைத் தூங்கவிடவில்லை.

யானைக்கு யானை, எதிராளிக்கு ஒரு சிப்பாய் கூடுதல். பழைய பிரெஞ்சு ஆட்டக்காரர் ஃபிலிடோர் 1777இல் காட்டிய நிலை அப்படியே அமைந்திருந்தது. இதில் கறுப்பு செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆறாம் வரிசையில் யானையை நிறுத்தி எதிரி ராஜாவை உள்ளே விடாமல் காப்பது, சிப்பாய் ஆறாம் வரிசைக்கு வந்த உடனே யானையை அடிமட்டத்துக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருப்பது. எனக்கு இதைப் பன்னிரண்டு வயதில் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. நேற்று யானை எச்6இல் சரியாக நின்றது. சிப்பாய் வந்தது. யானையை இறக்குவதற்குப் பதிலாக அவர் ராஜாவை நகர்த்தினார். பிறகும் ராஜாவையே நகர்த்தினார். யானை எச் என்ற நெடுவரிசையில் கடைசிவரை சும்மா நின்றது.

மறந்துவிட்டாரா? காலையில் வாயால் கேட்டேன். ஃபிலிடோர் முறையை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். "பிறகு ஏன் யானையை இறக்கவில்லை அப்பா?"

"எந்த யானை?" என்றார்.

நவம்பர் 25

சிங்கப்பூரில் உலகப் போட்டி தொடங்கிவிட்டது. முதல் ஆட்டத்திலேயே குகேஷ் வெள்ளையில் தோற்றார். அப்பா பதற்றப்படவில்லை. "பதினான்கு ஆட்டம் இருக்கிறது" என்றார். இந்த நிதானம் போகவில்லை. இது போகவே இல்லை.

இரவு தோசைத் தட்டில் தேங்காய்ச் சட்னியைத் தொடாமல் எழுந்துவிட்டார். பிடிக்கவில்லையா என்று அம்மா கேட்டாள். "சட்னி வைத்தாயா?"

நவம்பர் 27

மழை விடவில்லை. மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது. குகேஷ் மூன்றாவது ஆட்டத்தை ஜெயித்துச் சமன் செய்துவிட்டார். ஆனால் நான் எழுத வந்தது அதை அல்ல.

அக்டோபருக்குப் பிறகான ஆட்டங்களில் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் கணினி நிரல் பெரும்பிழை என்று சிவப்புக் குறி போட்ட இடங்களை மட்டும் எடுத்து, கட்டம் போட்ட நோட்டில் புள்ளி வைத்தேன். அவர் கவனிக்காமல் விட்ட காய் எந்தக் கட்டத்தில் நின்றதோ அங்கே ஒரு புள்ளி. வெள்ளையில் ஆடியதற்கு நீல மை, கறுப்பில் ஆடியதற்குக் கறுப்பு மை. நீலப் புள்ளிகள் ஏ, பி, சி வரிசைகளில் கூடின. கறுப்புப் புள்ளிகள் எஃப், ஜி, எச் வரிசைகளில். இரண்டும் பலகையின் இரு ஓரங்கள். நடுவில் அநேகமாக ஒன்றுமில்லை. வெகுநேரம் அர்த்தம் புரியவில்லை.

கறுப்பில் ஆடும்போது திரையில் பலகை திரும்பிக்கொள்ளும். எச் வரிசை இடப்பக்கம் வரும்.

நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தேன். எல்லாம் இடப்பக்கம்.

அவர் செஸ்ஸை மறக்கவில்லை. திரையின் இடப்பக்கம் அவருக்கு இல்லை. வெள்ளையில் அந்தப் பக்கம் போனால் சில சிப்பாய்கள் போகும், சமாளிக்கலாம். கறுப்பில் காஸ்லிங் செய்து, அதாவது யானையோடு இடம் மாற்றி ஓரமாக ஒதுக்கிய ராஜா இருப்பதே அங்கேதான்.

நவம்பர் 28

கண் மருத்துவரிடம் ஏற்கெனவே காட்டியாகிவிட்டது. பார்வையில் குறையில்லை என்றுதான் எழுதிக் கொடுத்தார்.

நவம்பர் 30

புயல் கரையைக் கடக்கிறது என்கிறார்கள். அதற்கு முன்பே தஞ்சாவூர் போய்வந்துவிட்டோம்.

மருத்துவர் நோட்டை வாங்கிப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு வெள்ளைத் தாளில் ஒரு கோடு போட்டு நடுவில் குறிக்கச் சொன்னார். அப்பா வலப்பக்கம் நன்றாகத் தள்ளிக் குறித்தார். கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்களும் வலது பாதியில் நெருக்கியடித்து நின்றன. அப்பா அதைத் திருப்தியோடு நீட்டினார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

பக்கவாதத்தில் வலது மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு இது வருவதுண்டாம். நெக்லெக்ட் என்கிறார்கள். கண் பார்க்கிறது, மூளை அந்தப் பக்கத்துக்குக் கவனம் கொடுப்பதில்லை. மிகக் கொடுமையானது இதுதான்: இல்லாதது இல்லை என்றே நோயாளிக்குத் தெரியாது. அதனால்தான் எங்களிடம் அவர் ஒரு முறைகூடப் புகார் சொல்லவில்லை.

டிசம்பர் 2

1978இல் மிலான் நகரத்தில் பிசியாக், லுசாட்டி என்ற இருவர் செய்த சோதனையைப் பற்றிப் படித்தேன். நெக்லெக்ட் உள்ளவர்களிடம், அவர்களுக்கு நன்கு பழகிய கதீட்ரல் சதுக்கத்தை மனத்தில் நினைத்துச் சொல்லச் சொன்னார்கள். ஒரு முனையில் நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்களை மட்டுமே சொன்னார்கள். எதிர் முனையில் நிற்பதாக நினைக்கச் சொன்னதும், முன்பு விட்டவற்றைச் சொல்லி, முன்பு சொன்னவற்றை விட்டார்கள்.

மாலையில் அப்பாவிடம் மகாமகக் குளத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "வடகரையில் காசி விஸ்வநாதர் கோயில் வாசலில் நின்று குளத்தைப் பார்க்கிறீர்கள். என்னென்ன தெரிகிறது?" மேலக்கரை மண்டபங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார், கடைகளைச் சொன்னார். கீழ்க்கரை அபிமுகேஸ்வரர் கோயிலைச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருப்பவர். "இப்போது தென்கரைக்கு வந்துவிட்டீர்கள், வடக்கே பாருங்கள்" என்றேன். முதலில் சொன்னதே அபிமுகேஸ்வரர் கோயில்தான்.

கோயில் உள்ளே இருக்கிறது. அவருக்குள் எல்லாம் இருக்கிறது. அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அம்மாவுக்கு நான் ஏன் அழுகிறேன் என்று புரியவில்லை.

டிசம்பர் 4

பயிற்சி தொடங்கியாயிற்று. டேப்லெட்டின் இடது விளிம்பு முழுக்கச் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் அந்தச் சிவப்பு தெரியும்வரை தலையைத் திருப்ப வேண்டும், விரலால் அதைத் தொட வேண்டும். சாப்பிடும் தட்டுக்கும் நாளிதழுக்கும் இதே முறைதான்.

பத்து நிமிட ஆட்டத்தில் இதற்கு நேரம் கிடையாது. பதினைந்து நிமிடம், நகர்த்தலுக்குப் பத்து விநாடி கூடுதல் என்று மாற்றினேன். அப்பாவின் சுபாவத்துக்கு இது எப்போதுமே பொருந்தியிருக்கும். அஞ்சலட்டைக்காரருக்கு மூச்சுவிட இடம் வேண்டும்.

டிசம்பர் 5

டேப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டார். "நான் என்ன குழந்தையா?"

டிசம்பர் 6

மறுபடியும் ஒட்டினேன். பேசவில்லை, பிய்க்கவும் இல்லை.

டிசம்பர் 9

குகேஷ் நேற்று முன்னிலை பெற்றார், இன்று தோற்றுவிட்டார். மறுபடியும் சமன். அப்பாவும் தோற்றார், வெள்ளையில், ஏ வரிசையில் ஒரு யானை இறங்கியதைக் காணாமல். சிவப்பைத் தொட்டார்; தொட்டுவிட்டுப் பார்க்கவில்லை. விரல் போகிறது, கவனம் போகவில்லை. ரேட்டிங் 1600க்குக் கீழே இறங்கிவிட்டது. ஆகஸ்டில் 1780 இருந்தது. எண்ணைப் பார்க்காதீர்கள் என்கிறேன். எண் திரையின் வலப்பக்கம்தான் இருக்கிறது, அதை மட்டும் அவர் தவறவிடுவதில்லை.

டிசம்பர் 12

பதினான்காவது ஆட்டம். குகேஷின் எதிராளி டிங் லிரென் வெள்ளை. யானையும் மந்திரியும் சிப்பாய்களும் மட்டும் மிச்சம், குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். டிரா என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும், "இவன் விடமாட்டான், எதிராளியைத் தவறு செய்ய வைப்பான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூடுதல் சிப்பாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே அழுத்துவது அவருக்குப் பிடித்த காட்சி.

55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. யானைகளை மாற்றலாம், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

அப்பா தலையை இடப்பக்கம் திருப்பினார். நான் சொல்லவில்லை. திரையில் சிவப்பு டேப்கூட இல்லை, அது தொலைக்காட்சி.

"டிங்கின் மந்திரி ஏ8இல் மூலையில் கிடக்கிறது. யானைகள் போனதும் இவன் மந்திரியை டி5இல் வைப்பான். ஓட வழியில்லை, மாற்றியாக வேண்டும். பிறகு வெறும் சிப்பாய் ஆட்டம், ஜெயம்."

அப்படியே நடந்தது. பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன். தெருவில் யாரோ வெடி வெடித்தார்கள். அம்மா குகேஷுக்காக அழுதாள். ஏ8 என்பது இடது மேல் மூலை. பலகையிலேயே அவருக்கு மிகத் தொலைவான கட்டம் அது.

டிசம்பர் 13

கார்த்திகை தீபம். திண்ணையில் அப்பா ஏற்றிய விளக்குகள் வலது பாதியோடு நின்றுவிட்டன. நேற்றுப் பார்த்தது இன்று இல்லை. மருத்துவர் சொல்லியிருந்தார், ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது என்று.

டிசம்பர் 15

இன்று ஒரு விஷயம் நடந்திருக்கிறது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கறுப்பில் காரோ-கான். மந்திரியை எஃப்5க்குக் கொண்டுவந்தார், குதிரைகளை எடுத்தார், ராணியை நகர்த்தினார். பிறகு ராணிப்பக்கம் காஸ்லிங் செய்தார். இந்த வகையில் அது பழைய, மரியாதையான வழிதான். ஆனால் அப்பா எனக்குத் தெரிந்து ஒரு முறைகூட அதைச் செய்ததில்லை. ராணிப்பக்கம் என்றால் ராஜா சி8இல் நிற்கும். கறுப்பு ஆடுபவரின் திரையில் அது வலப்பக்கம்.

ஜெயித்தார். அதுமட்டுமல்ல, எதிராளியின் ராஜா மேல் சிப்பாய்களை ஓட்டித் தாக்கி ஜெயித்தார். நாற்பது ஆண்டுகளாக அவரிடம் இல்லாதது இந்தத் துணிச்சல்.

பயிற்சி கொடுப்பவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், இடப்பக்கத்தைத் தவிர்த்துவிட்டு வாழப் பழகக்கூடாது, அந்தப் பக்கம் திரும்பத்தான் பழக வேண்டும் என்று. அப்படியானால் இது குணமா, ஒதுங்கலா? நாளைக்குச் சாலையைக் கடக்கும்போது ராஜாவை வலப்பக்கம் வைத்துக்கொள்ள முடியாது. இடப்பக்கமிருந்து பஸ் வரும்.

ஏன் அப்படி காஸ்லிங் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"நான் பார்க்காத பக்கத்தில் ராஜாவை வைக்கலாமா அம்மாடி?"

பார்க்காத பக்கம் என்று ஒன்று இருப்பதை அவர் வாயால் சொன்னது இதுவே முதல் தடவை.

டிசம்பர் 16

தம்பி நாளைக் காலை வருகிறான். திருச்சி விமான நிலையத்துக்கு வண்டி சொல்லிவிட்டேன். அப்பாவோடு அவனை ஓர் ஆட்டம் ஆட வைக்க வேண்டும், நிஜப் பலகையில், அவனுக்கு வெள்ளை. காய்களைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறேன். ஒரு குதிரையைக் காணவில்லை, தேட வேண்டும்.