சுடவைத்தால் சரியாகிவிடுமா?

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணியில், வாந்தி, வயிற்றுப்போக்குப் புகார்களை விசாரிக்கப் போகும்போது, பாதிக்கப்பட்டவர் வீட்டிலும் பார்சல் கொடுத்த கடையிலும் ஏறத்தாழ ஒரே பதில்தான் கிடைக்கும். "ஆவி பறக்கச் சுடவைத்துத்தான் சார் பிள்ளைக்குக் கொடுத்தேன்" என்பார் தாய். "எங்கள் அடுப்புச் சூட்டில் எந்தக் கிருமி சார் உயிரோடு இருக்கும்?" என்பார் கடைக்காரர். பெரும்பாலும் இருவரும் சொல்வது உண்மைதான். ஆனாலும் பிள்ளை மருத்துவமனையில் கிடக்கிறது.

உணவின் நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸை எட்டி அந்தச் சூட்டில் சிறிது நேரம் நின்றால், சால்மொனெல்லா போன்ற கிருமிகள் மடிந்துவிடும். அந்த அளவில் சூடாக்குவது பயனுள்ளதே. சிக்கல், கிருமி ஏற்கெனவே உணவில் விட்டுவைத்த நச்சில் இருக்கிறது. சமையல்காரரின் கைப்புண்ணிலிருந்தோ மூக்கிலிருந்தோ உணவுக்கு வரும் ஸ்டஃபைலோகாக்கஸ் சூட்டில் எளிதாகச் சாகும். அதன் நச்சோ, அரை மணி நேரம் கொதிக்கவைத்தாலும் தாங்கும். மண்ணிலிருந்து நெல்லோடு அரிசிக்கு வரும் பாசில்லஸ் சீரியஸ் இன்னும் பிடிவாதமானது. அதன் வித்துகள் சோறு வேகும் சூட்டிலும் பிழைத்து, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகும். அப்போது சுரக்கும் வாந்தி நச்சை, ஆய்வகத்தில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் 121 டிகிரி வெப்பம்கூட அழிப்பதில்லை. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் அது போகாது. உணவின் மணமோ சுவையோ மாறாததால், வாயில் வைத்துப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால், துரித உணவுக் கடையின் பின்கட்டுக்கு மதியம் மூன்று மணிக்குப் போக வேண்டும். முக்கால் வேக்காட்டில் வடித்த பாசுமதிச் சோறு ஓர் அகன்ற பேசினில் குவிந்திருக்கும், மேலே ஈரத்துணி, இரண்டடி தள்ளி அடுப்பு. இரவு பத்து மணிவரை அந்தக் குவியலிலிருந்துதான் கரண்டி கரண்டியாக அள்ளி வாணலியில் போடுவார்கள். குளிர்பெட்டியில் வைக்கக் கூடாதா என்று கேட்டால், "கட்டி தட்டிடும் சார், உதிரி உதிரியாக வராது" என்பார் மாஸ்டர். 1971 தொடங்கிப் பிரிட்டனில் சீன உணவகங்களின் ஃபிரைடு ரைஸ் சாப்பிட்டவர்கள் அடுத்தடுத்து வாந்தியெடுத்தபோது, அங்கு விசாரித்தவர்களுக்கும் சமையல்காரர்கள் ஏறக்குறைய இதே காரணத்தைத்தான் சொன்னார்கள். ஆக, நாம் வாங்கும் ஃபிரைடு ரைஸ் கடையிலேயே ஒருமுறை மீண்டும் சூடாக்கப்பட்டதுதான். வீட்டில் நாம் செய்வது இரண்டாவது சூடு. இரண்டுக்கும் முன்பே, பேசினில் கிடந்த அந்த மணிநேரங்களில், காரியம் முடிந்திருக்கக்கூடும்.

பிரியாணியின் கதை சற்று வேறு. இறைச்சியில் வரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்ற கிருமிக்கு 40 முதல் 45 டிகிரிவரையிலான வெதுவெதுப்பு மிகவும் பிடித்தமானது. அங்கே ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இலையும் தாளுமாக இறுகக் கட்டிய பொட்டலமும், மூடி போட்ட அண்டாவும் மெதுவாக ஆறுவதால், அந்த வெதுவெதுப்பைப் பல மணி நேரம் காத்துக்கொடுக்கின்றன. இந்தக் கிருமியின் நச்சு பெரும்பாலும் நம் குடலுக்குள் போன பிறகே உருவாவதால், சால்மொனெல்லாவைப் போலவே இங்கேயும் முறையாகச் சூடாக்குவது பெரும்பாலும் காப்பாற்றும். முறையாக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மைக்ரோவேவில் வைத்தெடுத்த பிரியாணியில் வெப்பமானிக் கம்பியைச் செருகிப் பார்த்தால், ஓரத்தில் 80ஐக் கடந்த எண் நடுவில் 50ஐக்கூடத் தொடாமல் நிற்பதுண்டு. மேலே ஆவி பறப்பது எதற்கும் சான்று அல்ல.

அதனால், எவ்வளவு சுடவைத்தீர்கள் என்ற கேள்வியை நான் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். எத்தனை மணிக்கு வாங்கினீர்கள், சாப்பிடும்வரை எங்கே இருந்தது, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வாந்தி வந்தது என்பவையே முதல் கேள்விகள். ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால், உணவிலேயே நச்சு இருந்திருக்கலாம் என்று சந்தேகம் வரும். எட்டு மணி நேரத்துக்குப் பின் வயிற்றுவலியோடு பேதி என்றால் பெர்ஃபிரின்ஜென்ஸ் பக்கம் மனம் போகும். காய்ச்சலும் சேர்ந்து மறுநாள் வந்தால் சால்மொனெல்லா. நோயாளியைப் பரிசோதிக்காமல் இவற்றை முடிவாகச் சொல்ல முடியாது. மீந்த உணவு கிடைத்தால் ஆய்வகம் சொல்லும். ஆனால் புகார் வரும் நேரத்தில் பார்சல் பெரும்பாலும் குப்பை வண்டியில் போயிருக்கும், கடையில் இருப்பதோ அன்று காலை சமைத்தது. துறையில் இல்லாதவர்களுக்கு இந்தச் சங்கடம் புரிவதில்லை; மாதிரி எடுத்தும் ஏன் நடவடிக்கை இல்லை என்று எங்களைத்தான் திட்டுவார்கள்.

கேரளம் 2023 ஜனவரியில் பார்சல்களின் மேல், சமைத்த நேரத்தையும் எந்த நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதையும் குறித்த ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. கடைகளில் அமல்படுத்துவது கடினம்தான்; ஆயினும், எனக்குத் தெரிந்தவரை சரியான இடத்தில் கைவைத்த உத்தரவு அது.

மீந்த உணவை என்ன செய்வது என்று பயிற்சி வகுப்புகளில் வீட்டுப் பெண்கள் கேட்கும் கேள்விக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: உணவை இரண்டு மணி நேரத்துக்குள், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே, குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். முழுக்க ஆறட்டும் என்று இரவு முழுவதும் மேசையில் விட வேண்டாம்; தட்டையான பாத்திரங்களில் பிரித்துப் பரப்பினால் விரைவில் ஆறிவிடும். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்து, இடையிடையே கிளறி, நடுவரை கொதிக்கச் சூடாக்கி ஒரே வேளையில் முடித்துவிட வேண்டும். இரவு முழுவதும் வெளியே கிடந்ததை, என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், கொட்டிவிடச் சொல்வேன். அதைச் சுடவைத்துப் பார்க்கலாமா என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எப்போதும் கேட்கும்.