வாள்வீச்சு கிளவுஸ்: புறங்கையை விடுங்கள், உள்ளங்கையைப் பாருங்கள்

வாள்வீச்சு கிளவுஸ் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விட்டுப்போகும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள தையல் முதலில் பிரியும். அடுத்து, வாளின் கைக்காப்புக் கிண்ணத்துக்கு (கார்டு) உள்ளே இருக்கும் மெத்தையில் உரசி உரசி ஆள்காட்டி விரலின் பக்கவாட்டு தேயும். அதுவரை புறங்கை புதுக்கருக்கு மாறாமலே இருக்கும். ஆனால் கடையில் எல்லோரும் அமுக்கிப் பார்ப்பது புறங்கைப் பஞ்சைத்தான்.

கிளவுஸைக் கையில் எடுத்ததும் பெருவிரல் கவட்டைப் பாருங்கள். அங்கே இரட்டைத் தையலோ, மேலே ஒட்டுத்துண்டோ இருந்தால் நல்லது. ஆள்காட்டி விரல் நுனியில் தையல் முடிச்சு உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் வேண்டாம். அரை மணி நேரப் பயிற்சியிலேயே விரல் கன்றிப்போகும்.

உள்ளங்கைக்கு ஆட்டுத்தோல் முதல் சில வாரங்கள் அருமையாக இருக்கும். கை வடிவத்துக்கே படிந்து, பிளேடின் அதிர்வு விரலுக்குத் தெரியும். சிக்கல் வியர்வையில். உப்பு ஊறிக் காய்ந்து காய்ந்து தோல் விறைக்கும், பளபளப்பு ஏறும், பிறகு வழுக்கும். சென்னை, மதுரை வெயிலில் வாரம் நான்கு நாள் ஆடுபவருக்குத் துவைக்கக்கூடிய செயற்கை சூயிட் (மென்தோல் போன்ற துணி)தான் கட்டுப்படியாகும். சிலிகான் புள்ளி வைத்தவை பிஸ்டல் கிரிப்பை (விரல்களுக்கு ஏற்ப வளைந்த கைப்பிடி) நன்றாகக் கவ்வும். ஆனால் விரல் நுனியில் புள்ளிகள் உரிந்துவிட்டால் அந்த விலைக்கு அர்த்தமில்லை. பிரெஞ்ச் கிரிப், அதாவது நேரான கைப்பிடி, பிடிப்பவர் கையைப் பின்னால் நகர்த்திப் பிடிக்கவேண்டி வரும். அவருக்கு இப்படி ஒட்டிக்கொள்ளும் கிளவுஸ் இடைஞ்சல்.

அளவுக்கு, பெருவிரலை விட்டுவிட்டு விரல் முட்டிகளைச் சுற்றி டேப் வையுங்கள். எத்தனை அங்குலமோ, பல கம்பெனிகளில் கிட்டத்தட்ட அதுவே சைஸ்: 20 செ.மீ. சுற்றளவு என்றால் 8. கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும், அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். விரல் நுனியில் துணி மடங்கினால் பிடி சுழலும். பிடி நழுவுகிறது என்று குறைப்படுபவர்களில் பலருக்கு உண்மையில் கிளவுஸ் ஒரு சைஸ் பெரிது. தோல் கொஞ்சம் தளரும் என்பதால் அதை இறுக்கமாகவே வாங்கலாம். இன்னொன்று: வாள் பிடிக்கும் கைக்கு மட்டும்தான் கிளவுஸ். இடக்கைக்காரர் ஆன்லைனில் வாங்கும்போது எந்தக் கை என்ற கட்டத்தை மாற்ற மறந்தால் பணம் போச்சு.

மணிக்கட்டுக்கு மேலுள்ள நீண்ட பகுதி, அதாவது கஃப், முன்கையில் ஏறத்தாழ பாதிவரை வரவேண்டும் என்பது விதி. ஜாக்கெட் கைக்கு மேல் ஏறி உட்காரவேண்டும். இல்லாவிட்டால் எதிராளியின் பிளேடு சட்டைக்கைக்குள் புகுந்துவிடும். தோட்ட வேலை கிளவுஸ், பைக் கிளவுஸ் எதுவும் உதவாததற்கு இதுதான் காரணம். ஜாக்கெட்டோடு போட்டு, லஞ்ச் (முன்காலை வைத்துப் பாய்ந்து தாக்குவது) அடிப்பதுபோல் கையை முழுக்க நீட்டிப் பாருங்கள். கஃப் நழுவினால் வேறு எடுங்கள். பாடி வயர் (தொடுகை பதிவாக வாளோடு இணையும் மின்கம்பி) வெளியே வர மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு திறப்பு இருக்கும். அதன் ஓரம் தைத்திருக்கிறதா, வெறுமனே வெட்டி விட்டிருக்கிறார்களா என்றும் பார்க்கவேண்டும். வெட்டிவிட்டது சீக்கிரம் கிழியும்.

வாள் மூன்று வகை: ஃபாயில், எப்பே, சேபர். ஃபாயிலுக்கு மெல்லிய பஞ்சு போதும். எப்பேயில் கையும் இலக்கு என்பதால் புறங்கையில் கொஞ்சம் கனம் வேண்டும். சேபரில் வெட்டு விழும், விரல் முட்டிக்குப் பாதுகாப்பு அவசியம். வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவியைப் பார்த்து சேபர் எடுத்த பிள்ளைகளுக்குச் செலவு கொஞ்சம் கூடும்: தொடுகையை மின்சாரக் கருவி பதிவுசெய்யும் பயிற்சிக்குக் கஃப் பகுதி உலோக இழைத் துணியாக இருக்கவேண்டும். வியர்வை பட்டு அது கறுக்கும், மின்தடை ஏறும். மல்டிமீட்டரில் 5 ஓமுக்கு மேல் காட்டினால் போட்டிச் சோதனையில் தேறாது. சர்வதேசப் போட்டி என்றால் 800 நியூட்டன் (குத்தைத் தாங்கும் வலிமை) முத்திரை கொண்ட சேபர் கிளவுஸே வேண்டும். பிள்ளை அந்த நிலைக்குப் போகும்வரை அந்தச் செலவு தேவையில்லை.

துவைப்பது எளிது. செயற்கை சூயிட்டைக் குளிர்ந்த நீரில், கொஞ்சம் சோப்பு போட்டுக் கையால் அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் உள்ளங்கை மொரமொரப்பாகும். பயிற்சி முடிந்ததும் பைக்குள் திணிப்பதுதான் கிளவுஸுக்கு எமன். விலை உயர்ந்த ஒன்றைவிட நடுத்தர விலையில் இரண்டை மாற்றி மாற்றிப் போடுவது அதிக நாள் வரும். தையல் விட்ட அன்றே நைலான் நூலால் தைத்துவிடுங்கள், அல்லது செருப்பு தைப்பவரிடம் கொடுங்கள். ஓட்டையோடு போனால் ஆயுதச் சோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடி நழுவினால், புது கிளவுஸ் வாங்குமுன் பிரெஞ்ச் கிரிப்பில் பழைய உறையைக் கழற்றி டென்னிஸ் ராக்கெட் டேப் சுற்றிப் பாருங்கள்.