ப்ளுங்கே மாளிகை நாட்குறிப்பு

ஜூன் 12

க்ளைபேடாவில் ரயிலேறிக் காலையிலேயே ப்ளுங்கே வந்துவிட்டேன். லிதுவேனியாவின் மேற்கே உள்ள சின்ன ஊர். இளவரசர் மிகோலாஸ் ஒகின்ஸ்கிஸ் 1873-இல் இங்கிருந்த பண்ணையை சூபவ் குடும்பத்திடம் வாங்கினார். கட்டடக் கலைஞர் கார்ல் லோரென்ஸின் வரைபடப்படி மாளிகை 1879-இல் முடிந்தது. இப்போது அதில் ஷெமைதியா (இந்த மேற்குப் பகுதியின் பெயர்) கலை அருங்காட்சியகம் இயங்குகிறது.

பூங்காவில் பெர்கூனாஸ் என்று இடியின் தெய்வத்தின் பெயரைத் தாங்கிய ஓக் மரம் ஒன்று நிற்கிறது. அடிமரத்தின் சுற்றளவு ஐந்து மீட்டருக்கும் மேல். இரண்டு கையையும் விரித்து அணைத்துப் பார்த்தேன், பாதிகூட வரவில்லை. பட்டையின் வெடிப்புகளுக்குள் விரல் முழுசாக இறங்குகிறது. ஒகின்ஸ்கிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இது பெரிய மரமாக இருந்திருக்கும்.

ஜூன் 13

இன்று முழுக்க இசைப்பள்ளி பற்றிய சிந்தனைதான். மாளிகையில் இளவரசர் ஓர் இசைக்குழு வைத்திருந்தார். அதற்கு ஆள் சேர்க்க ஒரு பள்ளியும் நடத்தினார். பணக்காரர் வீட்டு ஆடம்பரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அங்கே சேர்ந்தவர்களில் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. 1889-இல் ட்ருஸ்கினின்கையிலிருந்து வந்த ஒரு பையன், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவரின் மகன். அவன்தான் சியுர்லியோனிஸ், பின்னாளில் லிதுவேனியாவின் மாபெரும் இசையமைப்பாளர், ஓவியர். 1893 வரை இங்கே படித்தான், குழுவில் புல்லாங்குழல் வாசித்தான். அப்புறம் வார்சாவிலும் லைப்சிக்கிலும் படிக்க இளவரசரே பணம் கொடுத்தார்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1861 வரை இந்த நாட்டுப் பண்ணைகளில் குடியானவர்கள் நிலத்தோடு கட்டுண்ட கொத்தடிமைகள். பிரபுக்களின் செல்வத்துக்கு அவர்கள் உழைப்புதான் அடித்தளம். அதில் ஒரு பங்காவது ஒரு பையனின் படிப்புக்குப் போய்ச் சேர்ந்ததே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1902-இல் இளவரசர் இறந்தபோது சியுர்லியோனிஸ் லைப்சிக்கில் இருந்தார். உதவி அத்தோடு நின்றது, இங்கே பள்ளியும் முடிந்தது.

ஜூன் 15

மழை விட்டதும் பேருந்தில் ரியதாவஸ் போனேன். மிகோலாஸின் அண்ணன் பொக்டானாஸின் ஊர். அண்ணன் தம்பி இருவருக்குமே புதுமை என்றால் உயிர். 1882-இல் ரியதாவஸ், ப்ளுங்கே, க்ரெதிங்கா மூன்றையும் இணைத்துத் தொலைபேசிக் கம்பி இழுத்தார்கள். லிதுவேனியாவின் முதல் தொலைபேசி இணைப்பு அதுதான். 1892 ஏப்ரல் 17, ஈஸ்டர் அன்று ரியதாவஸ் மாளிகையிலும் பூங்காவிலும் தேவாலயத்திலும் மின்விளக்கு எரிந்தது. லிதுவேனியாவின் முதல் மின்நிலையம் இங்கே அமைந்ததன் பலன். பூசைக்கு வந்த கிராமத்து ஜனங்கள் எண்ணெயும் திரியும் இல்லாத அந்த வெளிச்சத்தில் எப்படி நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

இருவருக்கும் வாரிசு கிடையாது. பொக்டானாஸ் 1909-இல் காலமானார். ரியதாவஸ் மாளிகை இன்று இல்லை. பொக்டானாஸ் நடத்திய இசைப்பள்ளியின் கட்டடத்தைத்தான் செப்பனிட்டு, ஒகின்ஸ்கிகளின் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மாளிகை போனாலும் பள்ளி தங்கியதில் எனக்கு நிறைவுதான்.