பாலாற்று மணலில் ஆள்காட்டிக் கூடு பார்ப்பது

வேலூருக்குக் கடற்கரை இல்லை, பாலாறு இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் அந்த மணலிலும் வற்றிய ஏரிகளிலும் சிவப்பு மூக்கு ஆள்காட்டி, பட்டாணி உப்புக்கொத்தி என்ற இரு பறவைகளும் தரையிலேயே முட்டையிடுகின்றன. இங்கே ஆள்காட்டியைப் பற்றி மட்டும்.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பார்க்கலாம். கூடு என்பது ஒரு சிறு குழி, ஓரத்தில் கூழாங்கல், ஆட்டுப்புழுக்கை. வழக்கமாக 4 முட்டை.

நடந்து தேடாதீர்கள். பறவை தலைக்கு மேல் கத்திச் சுற்றுவதால் கூடு காலடியில்தான் என்று அர்த்தமில்லை. 100 மீட்டர் தள்ளி உட்கார்ந்து 8x42 பைனாகுலரில் பாருங்கள். ஓடி நின்று, ஓடி நின்று வந்து உட்காரும். உட்கார்ந்த உடனே எழுந்தால் பொய். மார்பை அசைத்து அமர்ந்து அப்படியே இருந்தால் கூடு.

அடையாளத்துக்குக் குச்சி நடவே கூடாது. காக்காய் அதன் மேல் உட்கார்ந்து முட்டையைக் கண்டுபிடித்துவிடும். பத்தடி தள்ளி ஒரு கல், போனில் ஜிபிஎஸ் புள்ளி, அவ்வளவு போதும். கூட்டருகே நிற்காமல் கடந்து போய் வேறு வழியாகத் திரும்புங்கள். போன வழியே திரும்பினால் காலடித் தடம் கூட்டில் போய் முடியும், நாய்க்கு அதுவே வழிகாட்டி. அக்னி நட்சத்திரத்தில் காலை 8 மணிக்குப் பிறகு கிட்டப் போகாதீர்கள். அந்த வெயிலில் பறவை உட்காருவது சூடேற்ற அல்ல, நிழல் தர. வயிற்றிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். பத்து நிமிடம் விரட்டினாலே முட்டை வெந்துபோகலாம்.

அடைகாப்பு சுமார் 28 முதல் 30 நாள். முட்டையை நீரில் மிதக்கவிட்டு வயதறியும் முறை உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். தொடாமலே கணக்கிட, முட்டையிடும்போதே கூட்டைக் கண்டால் நல்லது. இரண்டு முட்டை அடுத்த முறை நான்கானால் அதிலிருந்து நாட்களை எண்ணலாம்.

கூடு காலியாக இருந்தால் உடனே “அழிந்தது” என்று எழுதிவிடுகிறார்கள். குஞ்சு பொரித்த சில மணி நேரத்தில் நடந்து போய்விடும், பெரிய ஓடுகளைத் தாய் தூக்கிப் போட்டுவிடும். குழியின் அடி மணலைப் பாருங்கள். சில மில்லிமீட்டர் அளவு ஓட்டுத் துணுக்குகள் இருந்தால் பெரும்பாலும் பொரித்திருக்கிறது. மஞ்சள் கரு ஒட்டியிருந்தால் தின்னப்பட்டது. எதுவுமே இல்லையென்றால் “தெரியவில்லை” என்றே பதியுங்கள்.

எத்தனை கூடு பொரித்தது என்ற வெற்றி விகிதத்தை நேராகக் கணக்கிட்டால் ஏமாற்றும், தொடக்கத்திலேயே அழிந்த கூடுகள் நம் கண்ணில் படுவதில்லை. 1961-இல் அமெரிக்கப் பறவையியலாளர் மேஃபீல்டு சொன்ன வழி இது. ஒரு கூட்டை ஒரு நாள் பார்த்தால் ஒரு கூடு-நாள்: பத்துக் கூடுகளை மொத்தம் 120 கூடு-நாள் பார்த்து 4 அழிந்தால், ஒரு நாள் தப்பிக்கும் வாய்ப்பு 0.967. 28 நாளுக்கு இதையே 28 முறை ஒன்றோடொன்று பெருக்கினால் 39 சதவீதம்தான். நேர்க்கணக்கு 60 காட்டியிருக்கும்.

குஞ்சு வந்த பிறகு மணலில் இறங்காதீர்கள். தாய் கத்தியதும் அது அசையாமல் படுத்துவிடும், கண்ணுக்குத் தெரியாமல் மிதித்துவிடுவோம். தூர இருந்தே, தேங்கிய தண்ணீரின் ஓரத்தில் இரை தேடும்போது எண்ணுங்கள்.