காலைப் பிடிப்புக் கணக்கு

ஜனவரி 6, 2025, திங்கள்

காலை அசையாமல் பிடித்து வைக்கும் மருத்துவ பூட்ஸ் மாட்டி ஐந்தாவது வாரம். டிசம்பர் தொடக்கத்தில் 400 மீட்டர் பயிற்சியின் ஏழாவது ஓட்டம், வளைவைத் தாண்டும்போது இடது குதிகாலுக்கு மேலே கல்லெறிபட்ட மாதிரி ஓர் அடி, திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. குதிநாண், அதாவது கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் நாண், பாதி கிழிந்திருக்கிறது, முழுசாக அறுந்துவிடவில்லை, அறுவை வேண்டாம், ஆறு வாரம் காலை அசைக்காமல் வைத்திருங்கள் என்றார்கள். சரி. 38 வயதில், 35 வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில், 10 கிலோமீட்டரை 41 நிமிடம் 20 விநாடியில் முடித்தவள் நான். காயத்துக்குக் காத்திருக்கத் தெரியும்.

ஆனால் இப்போது காலைவிட முதுகுதான் படுத்துகிறது. ராத்திரி மூன்று, மூன்றரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது. புட்டத்துக்குள் ஆழமாக ஒரு வலி, ஒரு நாள் வலப்பக்கம், ஒரு நாள் இடப்பக்கம். புரண்டு படுக்கவே கட்டில் சட்டத்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எழுந்து பூட்ஸோடு ஹாலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தால் அரை மணி நேரத்தில் விட்டுவிடுகிறது. சத்தம் கேட்டு அம்மா வந்தார். "ஏம்மா, நடுராத்திரியில என்ன நடை? காலை அசைக்காதேன்னு சொன்னாங்கல்ல?" படுத்தால் நோகுது, நடந்தால் விடுதும்மா என்றேன். சொல்லும்போதே உறுத்தியது. 22 வருஷமாக ஓடுகிறேன், எந்தக் காயமும் என்னிடம் இப்படி நடந்துகொண்டதில்லை.

ஜனவரி 17, வெள்ளி

பூட்ஸ் கழற்றியாகிவிட்டது. கெண்டைக்கால் பாதியாகச் சூம்பிப் போயிருக்கிறது, பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பயிற்சிச் சிகிச்சை தரும் பிசியோ கால்களை விட்டுவிட்டு வேறு என்னென்னவோ கேட்டார். காலையில் எழுந்தால் உடம்பு பிடிப்பு விட எத்தனை நிமிடம் ஆகிறது? ராத்திரி பின்பாதியில் முழிப்பு வருகிறதா? கண் எப்போதாவது சிவந்து வலித்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனதுண்டா? அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2022-இல் வலது கண் அப்படித்தான் ஆனது, மூன்று வாரம் சொட்டு மருந்து விட்டேன். கண்ணுக்கும் குதிகாலுக்கும் என்ன சம்பந்தம் என்று யார் நினைப்பார்கள்? கடைசியாக, குடும்பத்தில் முதுகு வளைந்தவர்கள் யாராவது உண்டா என்றார்.

பெரிய மாமா.

அம்மாவின் அண்ணன். இங்கே பினாங்கில், நிபோங் திபால் பக்கம் எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டி லோரியில் ஏற்றியவர். நான் பார்த்தபோதே கூன் விழுந்துவிட்டது. பக்கத்தில் நின்று கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டார், காலை எடுத்து வைத்து முழு உடம்போடும் திரும்புவார். குலை தூக்கித் தூக்கி முதுகு வளைஞ்சு போச்சு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், அவரும் அதைத்தான் நம்பினார். அதே வேலை செய்த மற்றவர்களுக்கு ஏன் வளையவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

பிசியோ ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார், மூட்டுவாத நிபுணருக்கு. இன்றையிலிருந்து ஒரு கணக்கு எழுதுகிறேன். எழுந்த நேரத்திலிருந்து குனிந்து சப்பாத்து நாடா கட்ட முடிகிற நேரம் வரை. இன்று 85 நிமிடம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

70 நிமிடம்.

எம்ஆர்ஐக்குச் சேமிப்பிலிருந்து காசு கட்டி வெளியில் எடுத்தேன். முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் இடத்தில், இரண்டு பக்கமும், எலும்புக்குள்ளேயே வீக்கம். படத்தில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. ரத்தத்தில் எச்எல்ஏ-பி27 என்ற மரபணு அடையாளம் இருக்கிறது. இது இருக்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதே இல்லை, படம், கண், குதிகால், மாமா எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்கிறேன் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். நோயின் பெயர் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தசைநாண் எலும்பில் ஒட்டும் இடங்களைத் தாக்குகிறது. பல வருஷம் கவனிக்காமல் விட்டால் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம்.

மூன்று வருஷமாகக் குதிகால் வலி என்று நான் ஏறி இறங்கிய கிளினிக்குகளை நினைத்துக்கொண்டேன். ஓரிடத்தில் ரத்தம் எடுத்து, முடக்குவாதச் சோதனையில் ஒன்றும் இல்லை, அதனால் வாதமே இல்லை, பயிற்சி அதிகம், ஓய்வெடுங்கள் என்றார்கள். அந்தச் சோதனை வேறொரு வாதத்துக்கானது, இந்த நோய்க்கு அது பெரும்பாலும் ஒன்றும் காட்டாது என்று இன்றுதான் தெரிகிறது. ஓய்வெடுத்த மாதங்களில்தான் முதுகு மோசமானது. கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

இன்னொரு கிளினிக்கில் குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போடுகிறேன் என்றார்கள். 2022 முதல் ஊக்கமருந்து விதிப்படி ஸ்டீராய்டு ஊசி எந்த வகையானாலும் போட்டிக் காலத்தில் தடை என்பதால் வேண்டாம் என்றேன். நல்ல வேளை, அந்த ஊசி குதிநாணையே பலவீனமாக்கிவிடலாம் என்றார் இந்த டாக்டர். போட்டிக்காக மறுத்தேன், அதுவே காலைக் காப்பாற்றியிருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

நாளை தைப்பூசம். ராத்திரி அம்மாவோடு தண்ணீர்மலைச் சாலையில் ரதம் பார்க்க நின்றோம். சாலை முழுக்கத் தேங்காய்ச் சில்லும் இளநீர் ஈரமும், காலுக்குக் கீழே நறநறவென்று. சறுக்கிவிடுமோ என்று இடது காலை ஒவ்வோர் அடியும் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும், இதே சாலையில் பெரிய மாமா பக்கத்தில் நின்றேன். ரதம் வந்தது, எல்லாரும் கையை உயர்த்தி அரோகரா என்றார்கள். மாமாவும் கும்பிட்டார், ஆனால் அவர் கண் ரதத்தின் சக்கரத்தில் இருந்தது. அதற்கு மேல் தலையைத் தூக்க அவரால் முடியாது. நான் அப்போது அதைப் பக்தி என்று நினைத்தேன்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அண்ணனுக்கும் விடியக்காலையில முழிப்பு வந்துடும். லயத்து வாசல்ல நடந்துக்கிட்டே இருப்பாரு" என்றார்.

மலைக்கோவிலுக்கு 513 படி. போன வருஷம் நிற்காமல் ஏறினேன். நாளை கீழே தண்ணீர்ப் பந்தலில் நிற்கப் போகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

45 நிமிடம்.

வீக்கம் குறைக்கும் மாத்திரை ஐந்து வாரமாக. முதல் மாத்திரை வயிற்றைப் புரட்டியது, இது இரண்டாவது. ராத்திரி முழிப்பு வாரத்துக்கு இரண்டு தடவையாகக் குறைந்திருக்கிறது. இந்த மாத்திரைகளுக்குப் போட்டித் தடை எதுவும் கிடையாது, பட்டியலைப் பார்த்துவிட்டேன். ஆனால் நம் ஊர் வெயிலில் வேர்த்துக் கொட்டி, தண்ணீர் வற்றிய உடம்போடு இதைப் போட்டுக்கொண்டு நீண்ட தூரம் ஓடினால் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ஓட்டக்காரர்கள் பலர் போட்டிக்கு முன்னால் வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி போடுவதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

குதிநாணுக்குத் தனிப் பயிற்சி. படி விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்குவதுதான் எல்லாருக்கும் தெரிந்த முறை. எனக்கு நோவு எலும்பில் ஒட்டும் இடத்திலேயே இருப்பதால், படிக்குக் கீழே இறக்கினால் அந்த இடம் நசுங்கும், சமதரையில் மட்டும் செய்யுங்கள் என்றார் பிசியோ. அடுப்படியில் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலால் ஏறி, இடது காலால் மட்டும் மெதுவாக இறங்குகிறேன், 15 தடவை, மூன்று சுற்று, காலையும் மாலையும். பத்துக்கு மேல் போனால் கெண்டைக்கால் நடுங்கி, சிங்க்கின் விளிம்பில் வைத்த விரல்கள் வெளுத்துப் போகின்றன. அம்மா பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே எண்ணுவார்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். 40 நிமிடம். வாரத்துக்கு மூன்று நாள் நீச்சல் குளத்தில், இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு, கால் தரையில் படாமல் ஓடுகிறேன். சார் கரையில் நின்று நேரம் பார்க்கிறார். பள்ளிக் காலத்திலிருந்து அவர்தான் எனக்குக் கோச், 70 வயது தாண்டிவிட்டது. "கை ஆட்டம் போதாது, தோளை விடு" என்று தண்ணீரிலும் அதே அதட்டல். அழுகை வந்தது, தண்ணீரில் தெரியவில்லை.

மே 11, ஞாயிறு

இதை விவரமாக எழுத வேண்டும், இந்த இரண்டு வாரத்தில் நான் இரண்டு தடவை ஏமாந்தேன்.

ஏப்ரல் கடைசியில் உடம்பு முழுக்கக் கனம், குதிகால் நோவு, அலுப்பு. பயிற்சி கூடிவிட்டது என்று பழைய பழக்கத்தில் மூன்று நாள் படுத்தேன். பிடிப்பு 40-லிருந்து 95 நிமிடத்துக்கு ஏறியது. அது நோயின் கொந்தளிப்பு, அதற்கு அசைவுதான் வேண்டும். பாடம் கற்றுக்கொண்டேன் என்று நினைத்து, மே 6 அன்று குதிகால் மறுபடி நோகவும், இதுவும் நோய்தான், நடந்தால் சரியாகிவிடும் என்று தாவரவியல் பூங்காவில் மெதுவோட்டம் ஓடினேன். அது கிழிந்த இடம். மறுநாள் காலை செருப்பு வார் மாட்ட முடியாத வீக்கம், நான்கு நாள் நொண்டினேன்.

காயமா, ஓய்வு கேட்கும். இந்த நோயா, அசைவு கேட்கும். எனக்கு இரண்டும் ஒரே குதிகாலில், இரண்டு விரல் இடைவெளியில். ஓட்டக்காரிக்கு இருக்கிற ஒரே அறிவு வலியைப் படிக்கிற அறிவு, எங்கே தாங்கலாம், எங்கே நிற்கணும் என்பது. அதை நான் 38 வயதில் அரிச்சுவடியிலிருந்து படிக்கிறேன்.

இப்போது காலையில் இப்படிச் செய்கிறேன். கட்டிலில் உட்கார்ந்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் குதிநாணைப் பிடித்து மேலிருந்து கீழே வருவேன். எலும்புக்கு இரண்டு விரல் மேலே சுள்ளென்றால் கிழிசல் கோபமாக இருக்கிறது, அன்றைக்குக் குளம்தான். கீழே, எலும்போடு ஒட்டிய இடத்தில் மந்தமாக வலித்து, கூடவே இடுப்பும் பிடித்திருந்தால் நோய். இருபது நிமிடம் நடப்பேன். நடக்க நடக்கக் குறைந்தால் தொடரலாம், கூடினால் வீட்டுக்குத் திரும்பணும். எப்போதும் சரியாக வருவதில்லை. ஆனாலும் இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

ஜூன் 7, சனி

இரண்டு மாத்திரையும் போதவில்லை என்று டாக்டர் ஊசிக்கு எழுதிக் கொடுத்திருந்தார், அடலிமுமாப், 40 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒன்று. தொடங்குவதற்கு முன் காசநோய், கல்லீரல் கிருமி எல்லாம் சோதித்தார்கள், இந்த மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் உள்ளே உறங்கும் காசநோய் எழுந்துவிடலாம். இதற்கும் போட்டித் தடை இல்லை.

மருந்து ஐஸ்பெட்டியில், தயிருக்கும் கறிவேப்பிலைக்கும் பக்கத்தில் இருக்கிறது. அரை மணி முன்னால் வெளியே எடுத்து வைத்தேன், குளிரோடு போட்டால் கூடுதலாக எரியும். தொடையில் ஊசிப் பேனாவை அழுத்தினேன், டக் என்று ஒரு சத்தம், பத்து எண்ணுவதற்குள் முடிந்தது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். "அண்ணன் காலத்துல இதெல்லாம் இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 29, ஞாயிறு

20 நிமிடம்.

தாவரவியல் பூங்கா வாசலில் சார் ஏற்கெனவே நின்றிருந்தார். இன்னும் சரியாக விடியவில்லை, குரங்குகள்கூட எழவில்லை. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டுத் தடவை. அவ்வளவுதான். கொடிமலை ஜீப் பாதையை ஏறிட்டுப் பார்த்தேன், சார் விரலை ஆட்டினார். ஆறாவது நிமிட ஓட்டத்தில் கால் தரையில் படும் சத்தம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்டது. ஏழு மாதத்துக்கு அப்புறம்.

மாலையில் கோலாலம்பூரிலிருந்து தம்பி கூப்பிட்டான். 31 வயது. ஓட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவன் சரியாகவே கேட்கவில்லை. அப்புறம் மெதுவாக, "அக்கா, ஜிம்முல முதுகைப் பிடிச்சுக்கிட்டேன்னு நினைச்சேன். ரெண்டு மாசம் ஆச்சு, விடலை" என்றான்.

ராத்திரி முழிப்பு வருதா என்று கேட்டேன்.

"மூணு மணிக்கு. உனக்கு யார் சொன்னது?"

எழுந்து எத்தனை நிமிடத்தில் விடுகிறது என்றேன். எண்ணிப் பார்த்ததில்லை என்றான். நாளைக் காலையில் எண்ணி எனக்கு அனுப்பு, செவ்வாய்க்கிழமை லீவு போடு, நான் பஸ் ஏறி வருகிறேன் என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து யாரு போனில் என்று கேட்டார். தம்பிதான் என்றேன், போனை அவரிடம் கொடுக்கவில்லை.