ஆலும் ஆகவும்: ஆங்கிலப் பரீட்சையில் வரைபை விவரிப்பது

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலப் பரீட்சையான ஐ.இ.எல்.ரி.எஸ். (IELTS) அக்கடமிக் எழுத்துத் தாளின் முதல் வினாவில் சலாகை வரைபு, வட்ட வரைபு, கோட்டு வரைபு, அட்டவணை, இடப்படம், செயன்முறை வரிப்படம் இவற்றில் ஒன்று வரும். சிலவேளை இரண்டு சேர்ந்தும் வரும். குறைந்தது 150 சொல் எழுத வேண்டும். ஒரு மணித்தியாலத் தாளில் இதற்கு 20 நிமிடம் எடுக்கும்படி வினாத்தாளே சொல்கிறது. இரண்டாவது வினாவான கட்டுரைக்கு இதைப்போல இரண்டு மடங்கு பெறுமதி இருப்பதால், இங்கே அரை மணித்தியாலம் செலவழித்தால் நட்டம் அங்கே விழும். இதே பரீட்சையின் மற்ற வகையான ஜெனரல் ட்ரெயினிங் எழுதுபவர்களுக்கு இந்த இடத்தில் கடிதம்தான் வரும். இந்தப் பதிவு அவர்களுக்கானதல்ல. ஓ.எல். (சாதாரண தரம்) எழுதும் பிள்ளைகள் வாசிக்கலாம். அவர்களுடைய ஆங்கிலத் தாளிலும் வரைபு விவரிப்பு வரும்.

ஒரு பயிற்சி வரைபை வைத்தே பேசுவோம். எண்கள் பயிற்சிக்காகப் போட்டவை. கிழக்குக் கரையில் நிலாவெளியிலும் தெற்குக் கரையில் உனவட்டுனவிலும் உள்ள விடுதிகளில் எத்தனை வீதமான அறைகள் நிரம்பின என்று இரண்டு கோடுகள். நிலாவெளி ஜனவரியில் 20, ஏப்ரலில் 50, ஓகஸ்டில் 85, நவம்பரில் 15. உனவட்டுன அதே மாதங்களில் 90, 60, 30, 55.

பெரும்பாலானவர்கள் பேனையை எடுத்தவுடன் ஜனவரியில் தொடங்கி எட்டு எண்களையும் வரிசையாக ஒப்புவிப்பார்கள். ஒரு எண்ணும் பிழையாக இருக்காது, இலக்கணமும் சரியாக இருக்கும், ஆனாலும் புள்ளி வராது. பரீட்சகர் நான்கு அளவுகோல்களில் சமமாகப் புள்ளி போடுகிறார்: கேட்டதைச் செய்தீர்களா, ஒழுங்கும் தொடர்பும் இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம். முதல் அளவுகோலில் அவர் தேடுவது ஓவர்வியூ. அது தெளிவாக இல்லாவிட்டால் அந்த அளவுகோலில் பாண்ட் 5ஐ (ஒன்பது வரை போகும் தர அளவில் ஐந்தை) தாண்டுவது கடினம்.

ஓவர்வியூ என்பது எண் இல்லாமல் சொல்லும் ஒன்றிரண்டு வசனம். வரைபைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எண்கள் மங்கிப்போகும், கோடுகளின் போக்கு மட்டும் தெரியும். மேலுள்ள வரைபில் தெரிவது இரண்டு விடயம். ஒன்று ஏற மற்றது இறங்குகிறது. நிலாவெளிக்கு உச்சம் ஓகஸ்டில், உனவட்டுனவுக்கு ஜனவரியில். ஆங்கிலத்தில், ‘ஓவரோல், த டூ டவுன்ஸ் ஷோட் ஒப்பசிட் பற்றர்ன்ஸ்’ என்று தொடங்கி உச்ச மாதங்களைச் சேர்த்தால் ஓவர்வியூ முடிந்தது. அதை அறிமுக வசனத்துக்கு அடுத்தே எழுதிவிடுவது நல்லது. கடைசியில் வைக்கலாம் என்று விட்டால் நேரம் பறிபோகும்போது முதலில் விடுபடுவது அதுதான்.

அறிமுகத்துக்கு ஒரு வசனம் போதும். வினாவில் உள்ளதை அப்படியே பார்த்து எழுதினால் அந்தச் சொற்கள் கணக்கில் வராது. 150 என்று நீங்கள் எண்ணியது 130 ஆகிவிடும்.

இங்கே நம்மவர்களை இழுக்கும் ஒரு பொறி இருக்கிறது. நவம்பரில் நிலாவெளி ஏன் வெறிச்சோடுகிறது என்று திருகோணமலைப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை: வாடைக்காற்று, மாரி மழை, கொந்தளிக்கும் கடல். கச்சான் காற்றுக் காலத்தில்தான் இந்தப் பக்கத்துக் கடல் அடங்கியிருக்கும். தெரிந்த விடயம் என்பதால் ‘பிகோஸ் ஒஃப் த மொன்சூன்’ என்று கை தானாக எழுதிவிடும். எழுதக்கூடாது. படத்தில் காரணம் தரப்படவில்லை என்றால் விடையிலும் காரணம் இல்லை. கருத்து, ஆலோசனை, ‘ஆகவே அரசாங்கம் செய்ய வேண்டும்’ எல்லாம் இரண்டாவது வினாவுக்குரியவை.

இனி மொழி. இந்தப் பகுதியில் நமக்குக் கிடைக்கும் உதவியைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆங்கிலத்தில் பிழைவிடும் பல இடங்களில், பாடசாலையில் படித்த தமிழ் அந்த வேறுபாட்டை ஏற்கெனவே சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.

கணித பாடத்தில் ‘30 ஆல் அதிகரித்தது’ என்றும் ‘50 ஆக அதிகரித்தது’ என்றும் படித்திருப்பீர்கள். ‘ஆல்’ என்றால் கூடிய அளவு, ‘ஆக’ என்றால் போய்ச் சேர்ந்த இடம். ஆங்கிலத்தில் ‘ஆல்’ வரும் இடத்தில் ‘பை’, ‘ஆக’ வரும் இடத்தில் ‘டு’. நிலாவெளி ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்கு 20இலிருந்து 50 ஆக உயர்ந்தது, அதனால் ‘ரோஸ் டு 50’. உயர்ந்த அளவு 30, அதனால் ‘ரோஸ் பை 30’. இரண்டையும் மாற்றிப்போட்டால் வசனம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும், தரவுதான் பொய்யாகும். வினைச்சொல்லைப் பெயராக்கினால் ‘ஆல்’ இருந்த இடத்துக்கு ‘ஒஃப்’ வரும்: ‘அ ரைஸ் ஒஃப் 30’.

வீதத்தில் இன்னொரு சிக்கல். 20 வீதம் 30 வீதமானால் 10 வீதம் கூடியது என்று எழுதுவது பிழை. கூடியது 10 வீதப் புள்ளி, ஆங்கிலத்தில் ‘பெர்சென்டேஜ் பொயின்ட்ஸ்’. பழைய அளவோடு ஒப்பிட்டால் அது 50 வீத அதிகரிப்பு. குழப்பமாக இருந்தால் ‘20இலிருந்து 30க்கு’ என்று இரண்டு எண்ணையும் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

எழுவாய்ப் பிழைக்கும் தமிழிலேயே மருந்து இருக்கிறது. ‘ஓகஸ்டில் பயணிகள் கூடினார்கள்’ என்றால் என்ன பொருள்? ஓரிடத்தில் ஒன்றுகூடினார்கள் என்றாகும். ‘பயணிகளின் எண்ணிக்கை கூடியது’ என்றுதானே சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலும் ‘டூரிஸ்ட்ஸ் ரோஸ்’ என்று எழுதாதீர்கள், ஏறியது எண்ணிக்கை. அந்த எண்ணிக்கைக்கும் இரண்டு சொல் இருக்கிறது. எண்ணக்கூடியதற்கு ‘நம்பர்’, எண்ண முடியாததற்கு ‘அமவுன்ட்’. தமிழில் பயணிகளுக்கு ‘எண்ணிக்கை’ என்றும் நெல்லுக்கு ‘அளவு’ என்றும் நாக்கு தானாகவே பிரித்துவிடும். அந்தப் பிரிப்பை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் போதும்.

வட்ட வரைபு ஒன்று மட்டும் வந்து அதில் காலமாற்றம் இல்லையென்றால் கூடியது, குறைந்தது என்ற பேச்சே கிடையாது. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போகும்போது ‘இன்கிரீஸ்’ என்று எழுதுவது அடிக்கடி காணும் பிழை. அங்கே ஒப்பீடு மட்டும்தான்: எது பெரியது, எத்தனை மடங்கு, எவை ஏறத்தாழ சமம். 49 வீதத்தை ‘ஜஸ்ட் அண்டர் ஹாஃப்’ என்றும் 51ஐ ‘ஜஸ்ட் ஓவர் ஹாஃப்’ என்றும் எழுதலாம். ‘நியர்லி’ என்ற சொல் எண்ணுக்குக் கீழே நிற்பதற்கு மட்டும். 51ஐ ‘நியர்லி ஹாஃப்’ என்றால் பிழை.

அட்டவணைதான் ஆட்களைப் பயமுறுத்துகிறது. ஐந்து நிரை, நான்கு நிரல் என்றால் 20 எண். அத்தனையும் எழுதத் தேவையில்லை. ஒவ்வொரு நிரலிலும் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் வட்டமிடுங்கள். பிறகு, எல்லாம் ஒரு பக்கம் போக எதிர்ப்பக்கம் போகும் ஒன்றைத் தேடி அடிக்கோடிடுங்கள். குறித்ததில் ஏழெட்டு எண்ணை எடுத்தால் இரண்டு பந்திக்குப் போதும். பந்தியையும் ஆண்டுப்படி பிரிக்காமல், ஒரே மாதிரிப் போகும் நிரைகளை ஒரு பந்தியிலும் மாறிப்போகிறவற்றை அடுத்ததிலும் வைத்தால் ஒப்பீடு தானாக வரும்.

செயன்முறை வரிப்படத்துக்கு நிலாவெளி உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடல்நீர் அகலமான பாத்திகளுக்குள் பாய்ச்சப்படுகிறது. வெயிலில் நீர் ஆவியாகிறது. செறிந்த உவர்நீர் சிறிய பாத்திகளுக்கு மாற்றப்படுகிறது. அங்கே உப்பு படிகிறது. எஞ்சிய கசப்புநீர் வடிக்கப்படுகிறது, உப்பு வாரிக் குவிக்கப்படுகிறது. வினைச்சொற்களைக் கவனியுங்கள். மனிதர் செய்யும் படிகளில் ‘படுகிறது’ வருகிறது: பாய்ச்சப்படுகிறது, மாற்றப்படுகிறது, வடிக்கப்படுகிறது. தானாக நடப்பதில் வரவில்லை: ஆவியாகிறது, படிகிறது. ஆங்கிலத்திலும் அதேதான். ‘இஸ் பம்ப்ட்’, ‘இஸ் ட்ரெயின்ட்’ என்று செயப்பாட்டுவினை, ஆனால் ‘எவாப்பரேட்ஸ்’, ‘கிறிஸ்டலைசஸ்’ என்று செய்வினை. விஞ்ஞான பாடத்தில் செய்முறை எழுதிய எவருக்கும் இந்தத் தமிழ் கைவந்தது. முதலில் தமிழில் ‘படுகிறது’ வருமா என்று கேட்டுவிட்டு எழுதினால் பெரும்பாலும் தவறாது. இங்கே ஓவர்வியூ என்பது மொத்தம் எத்தனை படி, எதில் தொடங்கி எதில் முடிகிறது, நேராகப் போகிறதா அல்லது வட்டமாகத் திரும்புகிறதா என்பது. காலம் நிகழ்காலம். எண் இல்லை என்பதற்காகப் படியைத் தவறவிடாதீர்கள், இதில் எல்லாப் படியும் வேண்டும்.

இடப்படத்தில் காலம்தான் எல்லாம். திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவை எடுங்கள். முன்பு ‘பாதை’ எனப்படும் மிதவையில்தான் நீரைக் கடக்க வேண்டும். 2009இல் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. இரண்டு படத்தில் ஒன்று 2000, மற்றது 2010 என்றால் இரண்டும் கடந்த காலம்: ‘வொஸ் ரீப்ளேஸ்ட் பை அ பிரிட்ஜ்’. ஒன்று 2000, மற்றது ‘இப்போது’ என்றால் ‘ஹாஸ் பீன் ரீப்ளேஸ்ட்’. வரப்போகும் திட்டமென்றால் ‘வில் பி’. நம் பக்கத்துப் ‘பாதை’க்கு ஆங்கிலம் ‘பெரி’ என்பதையும் நினைவில் வையுங்கள். ‘ரோட்’ என்று எழுதினால் படமே மாறிவிடும்.

திசைச் சொல்லில் ஒரு நுணுக்கம். நிலாவெளி திருகோணமலை நகருக்கு வடக்கே, நகருக்கு வெளியே இருக்கிறது: ‘டு த நோர்த் ஒஃப்’. கோணேசர் கோவில் நகருக்குள், அதன் கிழக்குப் பகுதியில்: ‘இன் த ஈஸ்ட் ஒஃப்’. நிலாவெளி கரையில் இருப்பதால் ‘ஒன் த கோஸ்ட்’. புறாத்தீவு கரைக்கு அப்பால் கடலில் இருப்பதால் ‘ஒஃப் த கோஸ்ட்’. வெளியேயா உள்ளேயா என்று படத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

20 நிமிடத்தில் பார்க்கவும் குறிக்கவும் ஐந்து, எழுத பன்னிரண்டு அல்லது பதின்மூன்று, மிச்சம் திருத்த. திருத்தும்போது முழுவதையும் திரும்ப வாசிக்க நேரம் போதாது. எண்களை மட்டும் படத்தோடு ஒப்பிடுங்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ‘பை’யா ‘டு’வா என்று பாருங்கள், அலகு விடுபட்டதா என்று பாருங்கள். வரைபின் நிலைக்குத்து அச்சில் ‘ஆயிரங்களில்’ என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அதைக் காணாமல் 40,000ஐ 40 என்று எழுதிய விடைகள் ஏராளம்.